உப்புக்காற்றில் ஓடும் பழைய பிக்கப்: துருவும் சைலன்சர் ஓட்டையும்

உவரி, இடிந்தகரைப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றித் திருநெல்வேலிக்கு வரும் பழைய பிக்கப் வண்டிகளில், பெட்டியிலிருந்து சொட்டும் உப்புநீர் தளத்தகட்டின் இடுக்குகள் வழியே இறங்கிச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தேங்குவதால், மேலே பெயின்ட் பளபளக்கும்போதே அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சேஸை நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை மாறிப் பொத்தென்று கேட்கும் இடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி மறைப்பது பணத்தை வீணாக்கும் வேலை. மேல்துரு மட்டுமென்றால் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஈரம் முற்றிலும் காய்ந்தபின் ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பெயின்ட் பூசலாம்.

சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகித் தங்குவதும், சந்தைக்கும் வீட்டுக்குமான குறுகிய ஓட்டத்தில் அது காயாமல் போவதும்தான் காரணம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, புகைவாயைத் தடித்த ஈரத்துணியால் சில நொடிகள் ஒருவர் அடைத்துப் பிடித்தால், ஓட்டையுள்ள இடத்தில் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். அங்கே கரிப்படிவும் தெரியும். இணைப்பில் கசிந்தால் இடையிலுள்ள கேஸ்கெட் என்ற கசிவுத்தடுப்புத் தகட்டை மாற்றினால் போதும். குழாயே மெலிந்திருந்தால் வெல்டிங் நிற்காது, புதிதாகவே மாற்றுங்கள். எந்த வெல்டிங்குக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

கேபின் தரையிலும் துளை இருந்தால் சைலன்சர் ஓட்டையைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடவே கூடாது. புகையிலுள்ள, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு அந்தத் துளை வழியே உள்ளே ஏறும்.