பிளேட் ரீடரில் படிக்கும் முன் ஒரு பார்வை

எலைசா (நிற மாற்றத்தை வைத்துப் புரதம் போன்றவற்றை அளக்கும் சோதனை) பிளேட்டை, நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் ரீடருக்குள் அனுப்பும் முன், வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒருமுறை அடியிலிருந்து பாருங்கள். குழியில் ஒரு குமிழி நின்றாலே ஒளி சிதறி அளவு தாறுமாறாகிவிடும். சுத்தமான ஊசி முனையால் உடைத்துவிடலாம், ஆனால் குழிக்குக் குழி புது ஊசி. பிப்பெட்டை இரண்டாம் நிறுத்தம் (கடைசிச் சொட்டையும் வெளியே தள்ளும் அழுத்தம்) வரை அழுத்தாமல் ஊற்றினால் பெரும்பாலும் குமிழியே வராது.

டிஎம்பி (எலைசாவில் நிறம் தரும் வேதிப்பொருள்) நிறத்தை அமிலம் சேர்த்து நிறுத்தியதும் 450 நானோமீட்டரில் படிக்கிறோம். கூடவே 570-லும் படித்து அதைக் கழித்துவிடுங்கள். பிளேட்டின் கீறல், கைரேகை இவற்றின் பங்கு பெருமளவு போய்விடும். (குமிழிக்கு இதை நம்பாதீர்கள்!)

பலரும் கோட்டைவிடும் இடம் ஒளிப்பாதை, அதாவது திரவத்துக்குள் ஒளி கடக்கும் தூரம். குவெட்டில் (திரவத்தை ஊற்றி ஒளியால் அளக்கும் சிறு சதுரக் குப்பி) அது 1 சென்டிமீட்டர். 96 குழி பிளேட்டில் ஒளி செங்குத்தாகச் செல்வதால், பாதை நீங்கள் ஊற்றிய அளவைப் பொறுத்தது. 200 மைக்ரோலிட்டருக்கு அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குவெட்டுக்கான கணக்கை அப்படியே போட்டால் செறிவு குறைத்துக் காட்டும். அதே பிளேட்டில், அதே கொள்ளளவில் ஸ்டாண்டர்டு வரிசையும் (செறிவு முன்பே தெரிந்த மாதிரிகள்) ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை.