உலை உறைக்கு எந்த நிக்கல் கலவை?

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையின் கார்புரைசிங் உலை (எஃகுப் பாகங்களின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது) 930 டிகிரியில் ஓடும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் 310 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை கார்பன் ஏறி அடிக்கடி விரிசல் விட்டது. ஹாஸ்டெலாய் சி-276 என்ற நிக்கல் கலவையைப் போடுங்கள் என்றார் வியாபாரி. அதில் காசு நிறையப் போவது மாலிப்டினம் என்ற உலோகத்துக்கு. அமிலத் தொட்டிக்குச் சரி, உலைக்கு எதற்கு?

கார்பன் ஏறாமல் காப்பது நிக்கல். இன்கோலாய் 800 என்ற கலவையில் அது 30–35%, மீதியில் இரும்பே அதிகம், அதனால் விலை குறைவு. இன்கோனல் 600-இல் குறைந்தது 72%. பாகங்களை வைக்கும், எடை அதிகமுள்ள கூடைக்கு 800 போதும். உறைக்குப் பொருள் கொஞ்சம்தான் பிடிக்கும், கஞ்சத்தனம் வேண்டாமென்று 600 போட்டேன்.

அப்புறம், கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலைக் கழுவாமல் பாகங்களை உள்ளே விடுவதையும் நிறுத்தினோம். நிக்கல் கூடிய கலவைக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. உறை இப்போது விரிசல் விடுவதில்லை.