ஏற்காட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸைப் படிப்பது எப்படி: ஐரோப்பியக் கொள்கை உருவாவதை முன்கூட்டியே அறிய ஒரு வழிகாட்டி

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் விளையும் காபியும் சேலத்து ஆலைகளில் உருவாகும் எஃகும் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைய வேண்டுமானால், இரண்டு சட்டங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காடழித்து விளைவித்த பொருளுக்கு இடமில்லை என்கிறது ஒன்று; அது காடழிப்பு விதி. உற்பத்தியின்போது வெளியான கார்பனுக்கு எல்லையில் விலை கேட்கிறது மற்றொன்று; அது எல்லைக் கார்பன் வரி. இரண்டும் 2023-இல் சட்டமாயின. அவற்றின் கருவோ பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ‘திங்க் டேங்க்’ எனப்படும் கொள்கை ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகளில், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி கிடந்தது. அந்தக் கட்டத்திலேயே படிக்கத் தெரிந்துகொள்வது எப்படி என்பதைத் தோட்ட உரிமையாளர் சங்கங்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் இத்துறையில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட முன்மொழிவைக் கொண்டுவரும் உரிமை, சில விதிவிலக்குகள் தவிர, அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. அதைத் திருத்துவதும் ஏற்பதும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாட்டு அமைச்சர்களின் மன்றமும் செய்யும் வேலை. ஆய்வு நிறுவனங்களுக்கு இதில் எங்கும் வாக்கு கிடையாது. ஆனால், 27 நாடுகளுக்கான விதிகளை எழுதும் ஆணையத்திடம் ஒவ்வொரு துறையிலும் போதிய ஆள்பலம் இல்லாததால், எது பிரச்சினை, அதற்கு எத்தனை தீர்வுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்னும் மூன்று கேள்விகளுக்கும் வெளியிலிருந்து வரும் ஆய்வை அது பெரிதும் நம்பியிருக்கிறது. கொள்கை வகுப்போர் எந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்களோ, அந்தப் பட்டியலை எழுதுவதில் கைகொடுப்பவர்களுக்கு வாக்கு இல்லாமலேயே செல்வாக்கு உண்டு.

அடுத்து, யாரைப் படிப்பது என்று முடிவு செய்யுங்கள். 1983-இல் தொடங்கிய ஐரோப்பியக் கொள்கை ஆய்வு மையமும், 2005-இல் தொடங்கிய புரூகலும் பொருளாதாரம், வணிகம், எரிசக்தி ஆகியவற்றில் முன்னணியில் இருப்பவை. இரண்டும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் உள்ளன. சுற்றுச்சூழல் விதிகளுக்கு 1976 முதல் இயங்கும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் உண்டு. வெளியுறவுக்கு 2007-இல் அமைந்த ஐரோப்பிய வெளியுறவு மன்றம் உண்டு. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டாலும், சட்டவிரோத மரவெட்டு பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த லண்டன் சாத்தம் ஹவுஸைக் காடு தொடர்பான விஷயங்களில் ஒதுக்கிவிட முடியாது. அனைத்தையும் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு அவசியமும் இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஆய்வுச் சேவை, திங்க் டேங்குகள் என்ன சிந்திக்கின்றன என்ற பொருள்படும் தலைப்பில், தலைப்புவாரியாக அறிக்கைகளைத் தொகுத்து இணைப்புகளுடன் வெளியிடுகிறது. அதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

எப்போது படிக்க வேண்டும் என்பது யாரைப் படிப்பது என்பதைவிட முக்கியமானது. ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டுதான் ஆய்வு நிறுவனங்களுக்கு அறுவடைக் காலம். புதிய ஆணையர்களுக்கான குறிப்புகளைப் புரூகல் 2019-இலும் 2024-இலும் துறைவாரியாக வெளியிட்டது. இத்தாலியின் முன்னாள் பிரதமரும் ஜாக் தெலோர் நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பின் தலைவருமான என்ரிக்கோ லெட்டா ஒற்றைச் சந்தை பற்றி 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கையில், 27 நாட்டுச் சட்டங்களுக்கு அப்பால் நிறுவனங்கள் விரும்பினால் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் 28-ஆவது சட்ட ஏற்பாடு ஒன்றை வலியுறுத்தினார். 2025 ஜனவரியில் ஆணையம் வெளியிட்ட போட்டித்திறன் திட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது. இடையில் ஓராண்டுகூட ஆகவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆணையத் தலைவர் நாடாளுமன்றத்தில் ஆற்றும் உரையும், வழக்கமாக அக்டோபரில் வரும் பணித்திட்டமும் எந்த யோசனை தாளிலிருந்து மேசைக்கு நகர்ந்தது என்பதைக் காட்டிவிடும்.

ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அதன் பரிந்துரைப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம். அது என்ன கேள்வியைக் கேட்கிறது என்று பாருங்கள். “இது வேண்டுமா?” என்று விவாதிக்கும் அறிக்கைகள் குறைந்து, “இதை எப்படிச் செய்வது?” என்று விவாதிப்பவை பெருகும் நேரம்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம். எல்லைக் கார்பன் வரி இதற்கு நல்ல சான்று. ஆணையத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்ட உர்சுலா ஃபான் டெர் லெயன் 2019 ஜூலையில் தம் அரசியல் வழிகாட்டுதல்களிலேயே அதற்கு வாக்குறுதி அளித்தார். 2020 மார்ச்சில் வெளியான புரூகல் ஆய்வு ஒன்று, இதில் வலி அதிகம், பலன் குறைவு என்று எச்சரித்தது. எச்சரிக்கை வந்ததால் திட்டம் நின்றுவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். 2021 ஜூலை 14 அன்று முன்மொழிவு வந்தது, 2023 அக்டோபரில் அறிக்கையிடும் கட்டம் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் முழு அளவிலான கட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் வந்த மற்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை எந்தத் துறைகள், எந்தக் கணக்கீட்டு முறை, உலக வணிக அமைப்பின் விதிகளுக்கு எப்படிப் பொருத்துவது என்பவற்றையே பேசின. ஓர் ஆய்வின் முடிவு நமக்குச் சாதகமாக இருப்பதில் மகிழ்ந்துபோவது, என் கருத்தில், இந்தப் படிப்பில் நேரக்கூடிய மிகப் பெரிய சறுக்கல்.

அதன்பின் எண்களைப் பின்தொடருங்கள்; சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைப்போல் பலன் தருவது வேறில்லை. முன்மொழிவோடு ஆணையம் வெளியிடும், அதன் விளைவுகளைக் கணிக்கும் தாக்க மதிப்பீட்டின் அடிக்குறிப்புகளில், எந்த ஆய்வின் எந்த எண் கையாளப்பட்டது என்பது தெரியும். காடழிப்பு விதியின் முகப்புரை, ஆய்வாளர்களின் கணக்கை ஒட்டி, ஒன்றியத்தின் நுகர்வால் நேரும் காடழிப்பில் ஒவ்வொரு பொருளின் பங்கையும் சொல்கிறது: பாமாயில் 34 விழுக்காடு, சோயா 32.8, மரம் 8.6, கோகோ 7.5, காபி 7, கால்நடை 5, ரப்பர் 3.4. ஏழு விழுக்காடு என்ற அந்த உலகளாவிய எண்ணில் பிரேசிலும் வியட்நாமும் இருக்கின்றன. நாகலூர் போன்ற ஏற்காட்டு ஊர்களில் தலைமுறைகளாகக் காபி நிற்கும் துண்டு நிலங்கள் அதில் தனியே தெரிவதில்லை. எண் ஒருமுறை உள்ளே போய்விட்டால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: நான்கு ஹெக்டேர் வரையுள்ள நிலத்துக்கு ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும், அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் பலகோணமாகக் குறித்துத் தர வேண்டும், 2020 டிசம்பர் 31-க்குப் பின் அங்கே காடு அழிக்கப்பட்டிருக்கக் கூடாது. 2025 மே மாதம் வெளியான பட்டியலில் இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடாக வகைப்படுத்தப்பட்டதும், நடைமுறைத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனதும் சுமையைக் குறைத்தனவே தவிர, நில விவரம் கேட்கும் கேள்வியை அகற்றிவிடவில்லை.

அறிக்கைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பார்ப்பதும் படிப்பின் பகுதியே. ஆணையமும் நாடாளுமன்றமும் 2011 முதல் நடத்திவரும் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் நிதி ஆதாரம், ஆர்வமுள்ள சட்டங்கள், ஆணையத்தின் உயர் அதிகாரிகளுடன் நடந்த சந்திப்புகள் ஆகியவை கிடைக்கும். நிறுவனங்களிடம் பணம் பெற்றது என்பதாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. எஃகு நிறுவனம் ஒன்று உறுப்பினராக உள்ள இடத்திலிருந்து எஃகு பற்றி வரும் ஆய்வை இருமுறை படிக்க வேண்டும், அவ்வளவே.

படிப்பதோடு நிற்காமல் பேசவும் வழி உண்டு. ஆணையத்தின் கருத்துக்கேட்புத் தளத்தில் எந்த நாட்டவரும் பதிவிடலாம். சான்றுகள் கோரும் கட்டத்துக்கு வழக்கமாக நான்கு வாரமும் பொதுக் கருத்துக்கேட்புக்குப் பன்னிரண்டு வாரமும் அவகாசம் தரப்படும். காடழிப்பு விதிக்கான கருத்துக்கேட்பில் ஏறத்தாழ 12 லட்சம் பதில்கள் குவிந்தன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிரச்சார அமைப்புகள் திரட்டித் தந்த ஒரே வாசகம். அந்தக் குவியலில் இன்னொரு கையெழுத்தாகச் சேர்வதைவிட, அத்துறையில் எழுதும் ஆய்வாளர் ஒருவருக்கு இரண்டு பக்கத்தில் உருப்படியான தரவு அனுப்புவது மேல். ஏற்காட்டில் அத்தகைய தரவு ஏராளம். நிழல் மரங்களுக்கு அடியில் வளரும் காபியைச் செயற்கைக்கோள் படம் காடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுக் காட்டு வரைபடம் இக்குறைக்காகவே விமர்சிக்கப்பட்டது. மர நிழலில் பயிர் செய்வதை வேளாண் பயன்பாடாகவே விதி கருதுகிறது. எனவே பட்டா, புல எண், நிழல் மரங்களின் வகை, காபிச் செடிகளின் வயது, நிலத்தின் புள்ளி ஆகியவற்றை, இம்மலையின் மலையாளிப் பழங்குடி விவசாயிகளின் சிறு நிலங்கள் உட்பட, உரியவர்களின் ஒப்புதலோடு சங்கம் தொகுத்து வைத்தால், வரைபடத்தின் பிழையைக் காட்ட அதுவே சான்றாகும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். புகாரில் தொடங்க வேண்டாம், அட்டவணையில் தொடங்குங்கள்.

ஆணையக் கட்டத்தில் தவறவிட்டவர்களுக்கு நாடாளுமன்றக் கட்டம் இருக்கிறது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று காடழிப்பு விதியின் தாக்க மதிப்பீடு விலக்கிய ரப்பரை நாடாளுமன்றம்தான் மீண்டும் சேர்த்தது. ஒரு பொருளை உள்ளே கொண்டுவரும் அதே திருத்த வழி, சிறு விவசாயிகளுக்கான சலுகையையும் கொண்டுவரும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் பொறுப்பான குழுவையும், முன்மொழிவை அங்கே வழிநடத்தும் உறுப்பினரான அறிக்கையாளரின் பெயரையும் நாடாளுமன்றத்தின் சட்டக் கண்காணிப்புத் தளத்தில் காணலாம். அறிக்கையாளர் நியமனத்துக்கும் திருத்தங்களைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில மாதங்களே இருக்கும் என்பதால், உங்கள் தரவுத் தொகுப்பு அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.