வீட்டு நூடுல்ஸ் ஏன் களியாகிறது?

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கடையில் வாங்கினால் உதிரி உதிரியாக இருக்கிற நூடுல்ஸ், வீட்டில் செய்தால் களியாகிவிடுகிறது. கடைக்காரர் போடும் அஜினமோட்டோதான் காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சுவையைக் கூட்டுமே தவிர நூடுல்ஸை உதிர்க்காது. வீட்டில் நடக்கிற பிழைகளில் முக்கால்வாசி தண்ணீரால் வருபவை.

அவிக்கும்போதே அது தொடங்கிவிடும். 400 கிராம் பக்கெட்டை அரைச்சட்டித் தண்ணீரில் அமுக்கினால், கரைகிற மாவெல்லாம் இழைகளிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்று லீட்டராவது தண்ணீர் வேண்டும். நன்றாகக் கொதித்த பிறகே நூடுல்ஸைப் போட வேண்டும். பக்கெட்டில் சொல்லும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒரு இழையை எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் இறக்கலாம், மிச்சம் தாச்சியில் வேகும். வடித்ததும் பச்சைத்தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி, தட்டில் பரப்பி விடுங்கள். மாரி காலத்தில் லேசில் காயாது, ஃபேனுக்குக் கீழே வைக்க வேண்டியதுதான். வடித்த சூட்டோடு மூடி வைப்பவர்கள் அடுப்புக்குப் போகுமுன்பே காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது தாச்சியை நிரப்புவது. ஈரம் இருக்கும்வரை நூடுல்ஸின் சூடு 100 பாகையைத் தாண்டாது. வறுத்த வாசம் வர 140 பாகையாவது வேண்டும். கடை அடுப்பின் வேகம் நம் காஸ் அடுப்பில் இல்லை. ஆறு பேருக்கென்று ஒரேயடியாகக் கொட்டினால் எல்லாம் ஆவியில் வேகும், வறுபடாது. இரண்டு பேருக்கு அளவாகப் பிரித்துப் பிரித்துச் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

கரட், போஞ்சி முதலில். கோவாவும் லீக்ஸும் கடைசியில். லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் இருக்கும், நெடுக்காகக் கீறிக் கழுவி, ஈரம் வடிந்த பிறகே வெட்டுங்கள். மரக்கறிக்கு ஆரம்பத்திலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். சோயா சோஸிலும் உப்பு இருப்பதால், அதை ஊற்றிய பிறகு ருசி பார்த்து உப்புச் சேர்ப்பதே நல்லது. சோஸை நூடுல்ஸின் நடுவில் கவிழ்க்காமல், சூடான தாச்சியின் ஓரமாகச் சுற்றி விடுங்கள். சுரீரென்று பொரியும்போது வருகிற வாசமே வேறு.

வாவி இறால் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை ரப்பராக்குவது பாவம். தனியாக வதக்கி, சிவந்து வளைந்ததும் எடுத்துவைத்து, கடைசியில் சேர்த்தால் போதும். முட்டையும் அப்படித்தான். முட்டை ஈரமாக இருக்கும்போது நூடுல்ஸைக் கொட்டினால் இழையெல்லாம் மஞ்சளாகப் பூசிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பதென்றால், ஆறவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கிற தண்ணீரெல்லாம் திரும்ப நூடுல்ஸிலேயே விழும்.