சுவரில் ஒரு குளவிக்கூடு: மண் முதல் சிறகு வரை கவனிப்பது எப்படி?

சன்னல் மூலையில் மண் அப்பியிருந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஒரு மாதம் பொறுத்தால் ஒரு குளவியின் முழு வாழ்க்கையையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

படி 1: எந்தக் குளவி? மண்கூடு என்றால் தனியாக வாழும் மண்குளவி. கூட்டைக் காக்க அது பாய்ந்து வராது. கையால் பிடித்து நசுக்காதவரை கொட்டுவதும் அபூர்வம். மரத்திலோ பரணிலோ பெரிய காகிதப் பந்து போலத் தொங்கினால் அது கதண்டு. கிட்டே போகவே வேண்டாம், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஈரத்தைத் தேடுங்கள். மழை விட்ட மறுநாளோ, பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் இடத்திலோ நில்லுங்கள். நூல் இடுப்புக் குளவி ஒன்று சேற்றைச் சின்ன உருண்டையாகத் திரட்டி வாயில் கவ்விப் பறக்கும். பின்னாலேயே போங்கள். காய்ந்த மண்மேல் ஈர மண் கறுப்பு வளையமாக ஏறுவதைப் பார்க்கலாம். பூசும்போது அதன் ரீங்காரம் தனியாகக் கேட்கும். நம்மூரில் காணும் ஒரு மண்குளவி இனத்தின் அறிவியல் பெயர் ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம்’. நம் மதராஸ்பட்டணத்தின் பெயர்தான்!

படி 3: வேட்டை. கூட்டில் ஓர் அறை முடிந்ததும் குளவி சிலந்திகளைக் கொட்டித் தூக்கிவந்து சேர்க்கும். கொட்டியதில் அவை சாகவில்லை, அசைவற்றுப் போயிருக்கின்றன, அதனால் அழுகாது. ஒரு சிலந்திமேல் முட்டையிட்டு, அறையை நிரப்பி, வாயை மண்ணால் மூடிவிடும்.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று பாட்டிகள் சொல்வார்கள். உள்ளே போனது வேறு பூச்சி, வெளியே வந்தது குளவி என்று பார்த்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்? முட்டை கண்ணில் பட்டிருக்காது.

படி 4: தேதி குறியுங்கள். மூடிய அன்றே பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். புழு சிலந்திகளைத் தின்று தீர்த்து, பழுப்புநிற உறை பின்னி, உள்ளேயே கூட்டுப்புழுவாகும். நம் வெயிலுக்குச் சுமார் ஒரு மாதம். குளிர் நாடுகளில் குளிர்காலம் முழுக்கப் புழுவாகவே உறைக்குள் காத்திருக்கும்.

படி 5: துளை. வட்டமான ஒரே துளையும் கீழே கொஞ்சம் மண்தூளும் தெரிந்தால் புதுக்குளவி கடித்துக்கொண்டு வெளியேறிவிட்டது. பொடிப்பொடியாகப் பல துளைகள் என்றால் உள்ளே ஒட்டுண்ணி புகுந்திருக்கும். எல்லா அறையும் காலியானபின் கூட்டைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள். காகிதம் போன்ற அந்த உறை அப்படியே இருக்கும்.