கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைக்: சிறு வியாபாரிகளுக்கான பாட்காஸ்ட், வலைப்பதிவு செய்முறை

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகையும் நாட்டு மருந்தும் விற்கும் ஓர் அண்ணன் போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம கடைக்கும் ஒரு பாட்காஸ்ட் வேணும், எல்லாரும் பண்றாங்க" என்றார். பாட்காஸ்ட் என்றால் பேச்சைப் பதிவு செய்து, வேண்டும்போது போனில் கேட்கும்படி பாகம் பாகமாக இணையத்தில் போடுவது. என்ன பேசப் போறீங்க என்று கேட்டேன். "கடையைப் பத்திதான். நாப்பது வருஷக் கடை, தரமான சாமான், நியாயமான விலை." அண்ணே, வேற கடைக்காரர் இதையே பத்து நிமிஷம் பேசினா நீங்க உட்கார்ந்து கேப்பீங்களா என்றேன். சிரித்துவிட்டு தே தாரிக் (நம்ம ஊர் ஆற்றிய டீ) சொன்னார்.

அந்தக் கடையில் நாங்கள் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். உங்களுடையது தையல் கடையோ, டியூஷன் சென்டரோ, கேட்டரிங்கோ, வழி ஒன்றுதான்.

படி 1: கேள்வி பொறுக்குங்கள்

கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் திருத்தி எழுதினால் காரியம் கெட்டது.

எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி இது: மலாய் சமையல் குறிப்பில் ஜிந்தான் மானிஸ், ஜிந்தான் பூத்தே என்று போட்டிருக்கிறதே, எது சீரகம், எது சோம்பு? புதிதாகக் கல்யாணமான பெண்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்பார்கள். மானிஸ் என்றால் சோம்பு, பூத்தே என்றால் சீரகம், ஹீத்தாம் என்றால் கருஞ்சீரகம். மாற்றிப் போட்டால் குழம்பு வேறு மாதிரி ஆகிவிடும். அண்ணன் இதைச் சொல்லும்போது இரண்டையும் உள்ளங்கையில் கொட்டி, கசக்கி, முகர்ந்து பார்க்கச் சொல்வார். அதுதான் முதல் பாகம். "நாப்பது வருஷக் கடை" என்று அதில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அது தானாகவே தெரிந்துவிட்டது.

இப்படிக் கேள்விக்குப் பதில் சொல்வதும் மக்கள் தொடர்புதான், அதைப் பெரிய நிறுவனங்களின் சமாச்சாரமாக நினைக்க வேண்டாம். விளம்பரத்தில் நம்மை நாமே புகழ்கிறோம். மக்கள் தொடர்பில் அடுத்தவர் நம்மைப் பற்றி நல்லபடியாகப் பேச ஒரு காரணம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

படி 2: அரைப் பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

முழுவதையும் எழுதி வைத்துப் படித்தால் பள்ளிப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கும். நான்கைந்து குறிப்புகள் போதும். முதல் அரை நிமிஷத்திலேயே கேள்வியைச் சொல்லிவிடுங்கள், வணக்கம், வாழ்த்து, இசை எல்லாம் அப்புறம். கடையில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், பாசார் (சந்தை), தாப்பாவ் (பார்சல்) எல்லாம் வந்தால் வரட்டும். எட்டிலிருந்து பத்து நிமிஷம் ஆரம்பத்துக்குப் போதும்.

நாட்டு மருந்து, மூலிகை, அழகுப்பொருள் விற்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இரண்டாம் பாகத்தில் அண்ணன் உற்சாகமாக, வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிப்போகும் என்று பேசிவிட்டார். வெட்டி எடுத்தேன். மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. பாட்காஸ்டில்தானே பேசினோம் என்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம். வெந்தயத்தை எப்படி ஊறவைப்பது, எவ்வளவு கசக்கும், எந்தக் குழம்பில் போடுவது என்று பேசுங்கள், மற்றதை டாக்டரிடம் விடுங்கள்.

படி 3: பதிவு செய்வது

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் பதிவைக் கடைக்குள்ளேயே, மத்தியான நேரத்தில் கூட்டமில்லை என்று நினைத்து, போனை மேசையில் வைத்து 25 நிமிஷம் எடுத்தோம். வீட்டுக்கு வந்து கேட்டால் நடுவில் முழுக்க எதிர்க்கடை ஸ்பீக்கரின் சினிமா பாட்டு! தெருவிலேயே நிற்பவனுக்கு அது காதில் விழாது, பழகிப்போயிருக்கும். மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லையே. பேச்சோடு கலந்துவிட்ட பாட்டைச் சுத்தமாகப் பிரிப்பது பெரும்பாடு, போதாததற்கு அடுத்தவர் பாட்டை அனுமதி இல்லாமல் நம் பதிவில் சேர்த்த காப்புரிமைச் சிக்கல் வேறு. மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் இடம் தேடினோம். அண்ணனின் தம்பிக்குப் பக்கத்திலேயே சேலைக்கடை, மாடியில் சரக்கு அறை. மூன்று பக்கமும் கூரை வரை சேலைக் கட்டுகள். உள்ளே போய் ஒரு கை தட்டினேன், எதிரொலியே இல்லை, துணி அத்தனையையும் விழுங்கிவிட்டது. காசு கொடுத்துக் கட்டிய ஸ்டூடியோவுக்கு அவ்வளவு குறையாத அறை. உங்களுக்குச் சேலைக்கடை இல்லையென்றால் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பேசுங்கள், கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தாலும் சரி. மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையும்தான் எதிரி.

போனில் பதிவு செய்தாலே ஆரம்பத்துக்குப் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், இல்லையென்றால் 'ப' வரும் இடமெல்லாம் குண்டு வெடிக்கும். மின்விசிறியும் ஏர்கானும் நிற்கட்டும், பத்து நிமிஷம் வேர்த்தால் பரவாயில்லை. இரண்டு பேர் பேசினால் ஆளுக்கொரு போன், ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், பின்னால் இரண்டு பதிவையும் அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். பேச ஆரம்பிக்கும் முன் பத்து வினாடி சும்மா இருங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 4: வெட்டி ஒட்டுவது

ஆடாசிட்டி இலவச மென்பொருள், கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பத்து வினாடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைக்கும் வசதியில் மாதிரியாகக் காட்டுங்கள், இந்த அறையின் உறுமல் இதுதான் என்று அது தெரிந்துகொண்டு மற்ற இடங்களில் குறைத்துவிடும். ரொம்ப அழுத்திக் குறைத்தால் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். சத்த அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அளவுகோல்) என்று வையுங்கள், ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அதுதான். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, மோனோ, 96 கேபிபிஎஸ் எம்பி3 போதும், பத்து நிமிஷம் ஏழு எம்பி அளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு 'வந்து', 'ம்ம்'மையும் வெட்டாதீர்கள், மனுஷர் பேசுவது போல இருக்கட்டும்.

படி 5: ஏற்றுவது

பாட்காஸ்ட் என்ற சொல் 2004இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ்க் கட்டுரையொன்றில் பிறந்தது. அடுத்த வருஷமே ஆப்பிள் அதைத் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸுக்குள் கொண்டுவந்தது. ஆனால் இன்றுவரை உள்ளே ஓடும் இயந்திரம் ஆர்எஸ்எஸ் என்ற பழைய சங்கதிதான். உங்கள் ஒலிக்கோப்பு ஓர் இடத்தில் இருக்கும், ஆர்எஸ்எஸ் முகவரியில் பாகங்களின் பட்டியல் இருக்கும், செயலிகள் அந்தப் பட்டியலை வந்து பார்த்துப் புதியதை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை ஏற்றினால் போதும், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையின் படைப்பாளர் தளம் இலவசம், அதிலேயே ஆரம்பிக்கலாம். முகப்புப் படம் சதுரமாக 3000க்கு 3000 பிக்சல். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், போனில் கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியும்.

ஆர்எஸ்எஸ் முகவரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்காஸ்ட் கேட்கும் செயலியான கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. முகவரி கையில் இருந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

படி 6: அதையே எழுத்தாக்குங்கள்

பாட்காஸ்டைக் கேட்பவர் ஏற்கனவே உங்களைத் தெரிந்தவர். தெரியாதவர் கூகுளில் தேடி வருவார், அவருக்குத்தான் வலைப்பதிவு. பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதாதீர்கள், படிக்கச் சகிக்காது. கேள்வியையே தலைப்பாக்கி, முதல் பத்தியில் பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு விளக்குங்கள். சீரகமும் சோம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு படம் போட்டோம், நான் எழுதிய ஐந்நூறு சொல்லைவிட அந்தப் படத்துக்குத்தான் மவுசு. நம்மவர்களில் நிறைய பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுவார்கள், மலாய்ப் பெயரிலும் தேடுவார்கள், ஆகவே பொருளின் பெயரை அந்த வடிவங்களிலும் ஓர் இடத்தில் எழுதி வையுங்கள்.

'எங்களைப் பற்றி' பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். பத்திரிகைக்காரரோ வானொலிக்காரரோ தீபாவளி நேரத்தில் யாரிடம் பேசலாம் என்று தேடும்போது அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பத்தி, கடையின் நல்ல படம், எடுத்துப் பேசும் ஒரு போன் எண், இவை இருந்தால் போதும்.

படி 7: சொல்வது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கல்லாப்பெட்டியில் மீதிச் சில்லறை கொடுக்கும்போதே, "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று சொல்ல வேண்டும். கேட்காமல் யாருடைய எண்ணையும் சேர்க்காதீர்கள், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, அதைவிட முக்கியம், ஆட்களுக்குக் கோபம் வரும்.

இந்த வழி கெட்ட செய்திக்கும் உதவும். தீபாவளிக்கு முன் முறுக்கு மாவு சரக்கு வந்து சேரவில்லை, முன்பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். அண்ணன் சொல்லாமல் சமாளிக்கலாம் என்றார். இல்லை அண்ணே என்று மூன்று நிமிஷம் பேசவைத்தேன்: மாவு வரவில்லை, தப்பு எங்களுடையது, பணம் வேண்டுவோர் இன்றே வாங்கிக்கொள்ளலாம், காத்திருப்பவர்களுக்கு வியாழக்கிழமை. அதே நாலு வரி வலைப்பதிவிலும். சாக்கு எதுவும் சொல்லவில்லை. சிலர் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள், திட்டியவரும் உண்டு.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று செயலி காட்டும் எண்ணை முதல் சில மாதம் பார்க்க வேண்டாம், மனசு ஒடிந்துவிடும். அந்த 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், "கேட்டேன்" என்று கடையில் வந்து சொல்பவருக்கு ஒரு கோடு போடுங்கள். எங்களுக்கு முதல் மாதம் மூன்று கோடு. அதில் ஒன்று அண்ணனின் மச்சான்.