மண் பாக்டீரியா ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் மிகச் சிறு பகுதியே ஆய்வகத்தின் ஊட்டத் தட்டுகளில் வளரும் என்பதால், மண்ணிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருந்து வகைக்கு வகை சற்றே வேறுபடும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை வரிசைப்படுத்தி (அதன் எழுத்து வரிசையைப் படித்து), எந்தெந்த வகைகள் உள்ளன என்று அறிவதே இன்று பரவலான முறையாக இருக்கிறது. முடிவு பிசகும்போது பலரும் கணினிப் பகுப்பாய்வையே சந்தேகிக்கிறார்கள். என் கணிப்பில், திருத்தவே முடியாத பிழைகள் மண்ணைத் தோண்டும் நாளிலேயே நேர்ந்துவிடுகின்றன.

அவற்றுள் மிகவும் பரவலானது, ஒரே குழியில் எடுத்த மண்ணை மூன்று குப்பிகளில் இட்டு அவற்றை மூன்று மாதிரிகளாகக் கணக்கிடுவது. அந்த மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு ஆய்வகச் செய்முறையின் தடுமாற்றத்தைக் காட்டுமேயொழிய, வயலின் வேறுபாட்டைக் காட்டாது. வேரை ஒட்டிய மண்ணையும் வேரில்லா இடத்து மண்ணையும் கலந்துவிடுவதும், ஓரிடத்தில் 5 செ.மீ., மற்றோரிடத்தில் 20 செ.மீ. ஆழத்தில் எடுத்து ஒப்பிடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. எடுத்த மண்ணை உடனே குளிரூட்டாமல் வெயிலில் சுமந்து திரிந்தால், வந்து சேர்வது வயலின் பாக்டீரியாச் சமூகமன்று, பைக்குள் பெருகிய சமூகம்.

இரண்டாவது பெரிய இடறல் விழுக்காட்டில் இருக்கிறது. வரிசைப்படுத்தும் கருவி தருவது பங்கு மட்டுமே, எண்ணிக்கையன்று. ஒரு வகையின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பாக்டீரியாக்கள் இதற்கிடையே மூன்று மடங்காகியிருந்தால், அந்த வகை உண்மையில் ஒன்றரை மடங்கு பெருகியிருக்கிறது! ஆகவே, மொத்த அளவைத் தனியே அளக்காமல் ‘குறைந்தது’, ‘அழிந்தது’ என்று எழுதக் கூடாது. போதாக்குறைக்கு, இந்த மரபணு சில பாக்டீரியாக்களில் ஒரே ஒரு நகலாகவும், வேறு சிலவற்றில் பத்துக்கு மேற்பட்ட நகல்களாகவும் இருப்பதால், பங்கும்கூடத் துல்லியமானதன்று. இறந்த செல்களின் டிஎன்ஏ மண்துகள்களில் ஒட்டி நெடுநாள் நிலைத்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வகைகள் மிகுந்தால் மண் நலம் மிகும் என்ற எளிய சமன்பாடும் ஏற்கத்தக்கதன்று. மண் பாக்டீரியாச் சமூகத்தின் அமைப்பை மிக வலுவாகத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று மண்ணின் அமில, கார நிலை. நடுநிலையை ஒட்டிய மண்ணில் பன்மை பொதுவாக அதிகம், கடும் அமில மண்ணில் குறைவு. நலமான காட்டு மண்ணும் அமிலமாக இருக்கலாம். அங்கே பன்மை குறைவதைக் கேடு என்று படிப்பது தவறு. அமில நிலையை அளக்காமல் உரத்தின் விளைவைப் பேசும் ஆய்வு, அந்த உரம் மாற்றிய அமில நிலையின் விளைவையே பேசிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, பெயரைக் கொண்டு தொழிலை ஊகிப்பது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழ்ந்து, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் நிலைப்படுத்தும் பாக்டீரியா ரைசோபியம். அந்தப் பெயர் பட்டியலில் வந்தவுடன் நைட்ரஜன் நிலைப்படுத்தப்படுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். வேர்முடிச்சு அமைக்கும் மரபணுக்கள் பல ரைசோபியங்களில் பிளாஸ்மிட் எனும் தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், அதை இழந்த ரைசோபியமும் மண்ணில் வாழ்கிறது. 16எஸ் மரபணுவை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. மண் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், மண் சுவாசம் (மண்ணுயிர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு), அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகம், நொதிச் செயல்பாடு போன்றவற்றை அதே மாதிரியில், அதே நாளில் அளந்தாக வேண்டும்.